வரிசை பார்த்த அக்கா

நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் நாமெல்லாம் கண்ணாடி போட்டுக்கொள்வோம். அந்த அக்கா கழற்றிவிடுவார்.

நம் தீவின் ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்ட்ரீட் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. பங்குகளை வாங்கி விற்றுத் தரும் நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்து விலை பார்ப்பதற்காக அங்கே ஒரு கூடம் வைத்திருந்தது. சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அதற்கு எதிரே சினிமாக் கொட்டகை மாதிரி நாற்காலிகள். எல்லாரும் அண்ணாந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா மட்டும் ஓரத்தில், தூணை ஒட்டி வைத்திருந்த சின்னக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, கலங்கலாகத் தெரிகிற அந்தச் சின்னத் திரையைப் பார்ப்பார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"எண்ணு தெரியுதாக்கா?"

"எண்ணு எதுக்குலா தம்பி? எங்க அசையுதுன்னு தெரிஞ்சா போதும்."

அப்போது நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஓய்வு கிடைக்கிற வாரத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். என்னிடம் இருந்த பங்கு கொஞ்சம்தான். வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம். அந்தக் கூடத்தில் நான் வேடிக்கை பார்த்ததில் முக்கால்வாசி அந்த அக்காவைத்தான். பிள்ளைகளே, ஒரு விஷயத்தை அவரைப் போல உற்றுப் பார்த்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

அவர் என்ன பார்த்தார் என்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பா மூன்றாம் படிவத்துக்கு மேல் படிக்காதவன். எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்ல வரும்.

ஒரு பங்கை வாங்க நினைப்பவர்கள் ஒரு பக்கம் நிற்கிறார்கள், விற்க நினைப்பவர்கள் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐம்பது காசுக்குத் தந்தால் வாங்குகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். "ஐம்பத்தொன்று கொடுத்தால்தான் விற்பேன்" என்று எதிரே ஒருவர் காத்திருக்கிறார். இரண்டு பேரும் அசையாமல் நின்றால் ஒன்றும் நடக்காது. யாராவது ஒருவர் பொறுமை இழந்து மற்றவர் கேட்கும் விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பங்கு கை மாறும். சுவரில் இருந்த பெரிய திரை, கை மாறிய விலையைக் காட்டும். சின்னக் கணினியோ, எந்த விலையில் எவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு பக்க வரிசையையும் காட்டும். அதற்குக் கீழே, கை மாறுகிற ஒவ்வொரு வியாபாரமும் எவ்வளவு பெரியது என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"விலைங்கிறது முடிஞ்சுபோன கதை தம்பி," என்பார் அக்கா. "யாரு அவசரப்படறான், யாரு அவசரமே இல்லாம நிக்கிறான், அதைப் பாருங்க."

கம்பெனி என்ன செய்கிறது, கையுறையா, செம்பனை எண்ணெயா, சிமெண்டா, அதெல்லாம் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. திரையில் இருப்பவை அவருக்கு எண்களே இல்லை, ஆட்கள். "வந்துட்டான்" என்பார். "தயங்கறான்" என்பார். "அந்தா பாருங்க, இவனுக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க, ஓடறான்" என்பார். கூடத்தில் புதிதாக வந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், யார் வந்தது என்று.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். எல்லாருக்கும் அக்கா. இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற ஒரு சீன அங்கள் தினமும் வருவார், எழுபதைத் தாண்டியவர். அக்கா என்பதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு "மிஸ் அக்கா, மிஸ் அக்கா" என்று கூப்பிடுவார். அக்காவும் அதைத் திருத்தவில்லை. என்ன வேலை பார்த்தவர், யாரோடு இருக்கிறார், ஒன்றும் தெரியாது. மற்றவர்களையெல்லாம் அப்படிப் பார்த்தவர், தன்னை யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் எனக்குக் கொஞ்சம் பயமாகவே ஆகிவிட்டது. முந்தின நாள் வேலையிடத்துக் கேன்டீனில் மீகோரேங் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கூடத்துக்குள் நுழைந்ததும் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் அந்த ஏழு லாட்டு நீங்கதானே?"

ஒரு லாட் என்றால் நூறு பங்கு. நான் வாங்கியது ஏழு லாட்தான்.

"எப்படிக்கா தெரியும்?"

"நீங்க எப்ப வாங்கினாலும் ஏழுதான் வாங்குவீங்க. அதுவும் விலை ஏறி முடிஞ்சப்புறம், மூச்சு வாங்க ஓடியாந்து வாங்குவீங்க. பட்டியல்ல ஏழு ஓடுச்சா, அட, தம்பி வந்துட்டாருன்னு நெனச்சேன்."

பக்கத்தில் இருந்த அங்கள் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடு முழுவதும் எத்தனையோ பேர் வாங்கி விற்கிற அந்தக் கூட்டத்தில், கேன்டீனில் ஒளிந்துகொண்டிருந்த என்னை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஏழு எனக்கு ராசி என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து ஏழு வாங்குவதை விட்டுவிட்டேன்.

"எனக்கும் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுங்கக்கா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"என்னத்தைச் சொல்றது? ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிக்கிறீங்க இல்ல? ரோடு வளைவுல பஸ் வர்றது உங்களுக்குத் தெரியாது. ஆனா முன்னால நிக்கிறவன் குனிஞ்சு பையைத் தூக்கினா பஸ் வருதுன்னு தெரியும்ல? அவ்வளவுதான் தம்பி. இதுல வித்தை என்ன இருக்கு?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் ஒரு தடவை, கூடத்துக்கு வெளியே, நானே கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள். நானும் உங்கள் அம்மாவும் தேங்காய் வாங்கப் போயிருந்தோம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ரத ஊர்வலத்துக்கு முன்னால் ரோட்டில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்களே, அதற்கு. வியாபாரி ஒருவன் நடைபாதையில் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு, "முடியப் போகுது, முடியப் போகுது, வாங்கிக்குங்க!" என்று கூவிக்கொண்டிருந்தான். விலை கூடுதல்தான். ஆனாலும் ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். நானும் காசை எடுத்துவிட்டேன். அப்போதுதான் எதிர்ப்பக்கம் அக்கா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். கையில் கண்ணாடி.

"என்னக்கா, வாங்கலையா?"

"குவியலைப் பாருங்க தம்பி."

பார்த்தேன். தேங்காய்க் குவியல். வேறென்ன?

"எத்தனை பேரு வாங்கிட்டுப் போறாங்க! குவியல் இடுப்பு உசரம் இருந்துச்சு, இன்னும் இடுப்பு உசரந்தான் இருக்கு."

வியாபாரிக்குப் பின்னால் சந்தில் ஒரு லாரி நின்றது. அதிலிருந்து ஒருவன் சத்தமில்லாமல் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து குவியலின் பின்பக்கம் கொட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே இன்னும் முக்கால் லாரி இருந்தது.

"யாருங்க அந்தம்மா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"எங்க கூடத்து அக்கா."

"நீங்களும் அங்கதானே போறீங்க? உங்களுக்கு ஏன் இது தெரியல?"

 சாயங்காலம் அதே வியாபாரி பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருந்தான். அப்போது வாங்கினோம்.

அதற்கு முந்தின வாரம் கூடத்தில் நடந்தது எனக்கு அந்த லாரியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரு பங்கில், விற்கும் பக்கம் கொஞ்சம் லாட்தான் நின்றது. யாரோ வாங்கித் தீர்த்தார்கள். மறுபடியும் அதே அளவு வந்து நின்றது. மறுபடியும் தீர்த்தார்கள், மறுபடியும் வந்தது. "கொஞ்சம்தான் இருக்கு, இதைத் தாண்டினா ஏறிடும்" என்று எல்லாரும் வாங்கினார்கள். அக்கா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தலையை மட்டும் காட்டறான், வயிறு ரொம்பப் பெருசு" என்றார். மத்தியானத்துக்குள் அந்தப் பங்கு சரிந்தது. லாரி அளவு வைத்திருந்த ஒருவன், குவியல் அளவு மட்டும் காட்டி விற்றுக்கொண்டிருந்திருக்கிறான்.

எப்போதும் அவருக்குச் சரியாகவே போய்விடும் என்று நினைக்காதீர்கள். தப்பாகவும் போகும். "வந்துட்டான்" என்று சொல்லி வாங்கி, வந்தவன் பாதியில் திரும்பிப் போய், அக்கா நஷ்டப்பட்ட நாட்களும் உண்டு. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "என்னையே ஏமாத்திட்டான்லா! கெட்டிக்காரன்!" என்று, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வது போலச் சந்தோஷமாகச் சொல்வார். பணம் போன வருத்தத்தைவிட, அவன் எப்படி ஏமாற்றினான் என்று பார்த்துவிட்ட திருப்திதான் பெரிதாக இருக்கும்.

இனி மாரி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்ல நினைத்ததே இதுதான்.

மாரி அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை செய்த காலம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து வைக்கும் சேமநிதிப் பணம் மொத்தமாக அவர் கைக்கு வந்திருந்தது. ஜெலுத்தோங்கில் அவர் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டை உரிமையாளர் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். "நீங்க பழைய ஆளு, மாசக் கடைசிக்குள்ள காசு கட்டினா உங்களுக்கே தர்றேன். இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்கான்" என்றாராம். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு. அண்ணி எதிர்த்த வீட்டுக்காரியோடு சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்டை போட்ட வீடு. சேமநிதிப் பணம் அதற்குச் சரியாக இருந்தது.

சரியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. வீட்டை வாங்கிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. யாரோ ஒரு நண்பன் காதில் ஓதினான் என்று, அட்டைப்பெட்டி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் பங்கில் பாதிப் பணத்தைப் போட்டுவிட்டார். கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு மாசக் கடைசிக்குள் வெளியே வந்துவிடலாம் என்று கணக்கு. விலையும் நாளுக்கு நாள் ஏறியது.

அண்ணன் தினமும் சின்னக் கணினியின் திரையை விரலால் தட்டிக் காட்டுவார். "பாருங்கடா, கீழ எவ்வளவு பேரு வாங்க நிக்கிறான்னு! விழுந்தாலும் இவனுங்க தாங்கிப் பிடிச்சிருவானுங்க. இது பங்கு இல்லடா, பேங்கு."

உண்மைதான். வாங்கும் பக்கத்தில் முதல் விலையில் கொஞ்சம் பேர். அதற்கு ஒரு காசு கீழே, பெரிய கூட்டம் நின்றது. யார் பார்த்தாலும் தைரியம் வரும். எனக்கும் வந்தது.  ஆனால் அண்ணன் திரையைத் தட்டும்போதெல்லாம் அக்காவின் கை கண்ணாடிக்குப் போவதை நான் கவனித்தேன்.

அந்தக் கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இன்னொருவர் பங்கைப் பற்றி வாங்கு என்றும் சொல்லக்கூடாது, விற்று விடு என்றும் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டு அது மாறிப் போனால் ஜென்மப் பகை. அக்கா அதை மீறி யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை மாரி அண்ணன் எழுந்து நின்று பெரிய குரலில் சொன்னார்: "மீதிப் பாதியையும் இன்னைக்குப் போடறேன். பேங்குக்குப் போய்க் காசை மாத்திட்டு வந்துடறேன். மத்தியானம் சந்தை தொறந்ததும் அடிக்கிறோம்!"

"வீட்டுக்காரருக்கு அண்ணே?" என்றேன்.

"மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்குல்ல? நீ ஏன்டா அபசகுனமா பேசற?"

அவர் படியிறங்கிப் போனார்.  அக்கா கைப்பேசியை எடுத்தார். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பங்கை அவர் வாங்குவதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்பவர்கள் கேட்ட விலைக்கே, பேரம் பேசாமல், நிறையவே வாங்கினார்.

"அக்கா, நீங்களுமா?"

"கதவைத் தட்டிப் பாக்கணும்னா கை வேணுமில்ல தம்பி" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மதிய இடைவேளை முடிந்து இரண்டரைக்குச் சந்தை மறுபடி திறந்தது. மாரி அண்ணன் வியர்வையோடு, சிரிப்போடு வந்தார். நிறுவனத்தின் முகவரிடம் ஆர்டர் சொல்லப் போனவரை அக்கா கூப்பிட்டார்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் இங்க உக்காருங்க."

"ஏன் தங்கச்சி? ஏறிடப் போகுது."

"வாங்காதீங்கன்னு நான் சொல்லல. விக்கவும் சொல்லல. உக்காந்து பாருங்க, போதும். மேல விலையைப் பாக்க வேணாம். கீழ நிக்குது இல்ல, உங்க பெரிய கூட்டம், அதை மட்டும் பாருங்க."

அண்ணன் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அங்களும் எட்டிப் பார்த்தார். முதல் விலையில் கொஞ்சம் பேர் நின்றார்கள், ஒரு காசு கீழே அந்தப் பெரிய கூட்டம். அக்கா காலையில் வாங்கியதில் ஒரு பகுதியைக் கைப்பேசியில் விற்றார்; கதவைத் தட்ட அவர் கேட்ட கை இதுதான். முதலில் நின்ற கொஞ்சம் பேரும் தீர்ந்தார்கள். இப்போது அந்தப் பெரிய கூட்டம்தான் முன்னால் நிற்க வேண்டும். அடுத்து யார் விற்றாலும் அவர்கள்தான் வாங்கியாக வேண்டும்.

கூட்டம் காணாமல் போனது.

கண் இமைக்கிற நேரம்தான். அந்த இடத்தில் நாலைந்து லாட் மட்டும் நின்றது. பெரிய கூட்டம் இரண்டு காசு கீழே போய், ஒன்றும் நடக்காதது போல மறுபடி நின்றது.

"இது என்னடா?" என்றார் அண்ணன்.

 அக்கா இன்னும் கொஞ்சம் விற்றார். நடுவில் நின்ற சின்ன ஆட்கள் தீர்ந்தார்கள். பெரிய கூட்டத்தின் முறை வந்தது. மறுபடியும் மறைந்தது. மறுபடியும் கீழே போய் நின்றது.

"இந்தாம்மா! என் பங்கை நீயே இடிக்கிறியே!" அண்ணன் கத்தினார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"வாங்க வந்தவன் வித்தா வாங்குவான்ணே. இவன் பின்னாலயே நடக்கிறான். உங்களுக்குத் தைரியம் காட்டறதுக்குன்னு நிறுத்தி வச்ச கூட்டம் இது. நாம கிட்ட போனா ஒரு ஆளும் இருக்க மாட்டான்."

மூன்றாவது தடவையும் அக்கா விற்றார். அதுதான் அவரிடம் இருந்த கடைசி. மூன்றாவது தடவையும் கூட்டம் விலகியது. வாங்கிய விலையைவிடக் குறைத்து, தெரிந்தே, மூன்று தடவை விற்றிருக்கிறார். எவ்வளவு நஷ்டம் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பதும் அந்தக் கூடத்தில் வழக்கமில்லை.

  முகவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, ஆர்டர் போடவா?" என்று கேட்டார்.  "வாங்கல தம்பி" என்றார் அண்ணன்.

யாரோ விலையை மறுபடியும் மேலே தூக்கி வைத்தார்கள். பெரிய கூட்டம் மறுபடியும் பழைய இடத்தில் வந்து பந்தாவாக நின்றது. அந்த மத்தியானம் முழுக்க அண்ணன் தன்னிடம் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். ஐந்து மணிக்குச் சந்தை மூடும்போது அவரிடம் ஒரு பங்கும் இல்லை. போட்ட பணம் ஏறக்குறைய அப்படியே திரும்பியிருந்தது. அந்த வாரமே வீட்டுக்காரரிடம் கட்டிவிட்டார்.

அன்று கடைசி லாட்டை விற்கும்போதே, "தப்பிச்சேன் தங்கச்சி!" என்று அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா "ம்" என்றார். அவர் பார்வை ஓடுகிற பட்டியலிலேயே இருந்தது. அண்ணன் விற்றதை யாரெல்லாமோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று. எல்லாம் சின்னச் சின்ன லாட்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் அந்தப் பங்கு விழுந்தது. விழுந்தது என்றால் படிக்கட்டில் உருண்டது போல. பெரிய கூட்டம் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை. வாங்கும் பக்கமே வெறிச்சோடிப் போயிருந்தது. கூடத்தில் ஒரே ஆரவாரம். தாங்கள் யாரும் மாட்டவில்லை என்கிற சந்தோஷம். அங்கள் நாற்காலியைத் தட்டி, "மிஸ் அக்கா நம்பர் ஒன்! நம்பர் ஒன்!" என்றார். மாரி அண்ணன் எல்லாருக்குமாக ஒரு பை நிறையச் சுடச்சுடக் கறிபாப் வாங்கி வந்திருந்தார். யாரோ பந்து விளையாட்டுக்கு வர்ணனை சொல்வது போல, "போச்சு, போச்சு, இன்னொரு காசு போச்சு!" என்று கூவினார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அக்கா திரும்பினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயரவில்லை.

"சத்தம் போடாதீங்க. உள்ள ஆளுங்க இருக்காங்க."

கூடம் அப்படியே அடங்கியது. சாவு வீட்டு வாசலில் தெரியாமல் சிரித்துவிட்டது போல இருந்தது எனக்கு. பெரிய திரையில் சிவப்பு எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன.

மாரி அண்ணன் கறிபாப் பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். பட்டியல் ஓடியது. ஒருவர் ஒரு லாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். இன்னொருவர் இரண்டு. இன்னொருவர் ஒன்று. அண்ணன் உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"தங்கச்சி," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக. "இதுல அன்னைக்கு நான் வித்ததும் இருக்குமா?"

"இருக்கும்ணே."

அண்ணன் அங்கிருந்து போகவில்லை. அக்கா தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அவருக்கு இடம் விட்டார்.